டப்பாவைத் தேடி ஒரு ஞாயிற்றுக்கிழமை!

தபால்பெட்டி எப்படி இருக்கும்? சிவப்பாக இருக்கும். வாயைத் திறந்துகொண்டு நிற்கும். கடிதத்தைப் போட்டால் விழுங்கிவிடும்.

நான் இங்கே சொல்லப்போகும் தபால்பெட்டி வேறு. அது சிவப்பாக இராது. தெருமுனையில் நிற்காது. மலைப்பாங்கான காட்டு வெளியில், பாறை இடுக்கில் ஒளிந்துகொண்டிருக்கும். அதைக் கண்டுபிடிக்க டாக்டர்களும் வாத்தியார்களும் பேரன் பேத்தி எடுத்தவர்களும் மழையில் நனைகிறார்கள். சேற்றில் விழுந்து எழுகிறார்கள். மைல் கணக்கில் நடக்கிறார்கள்.

கண்டுபிடித்தால் என்ன கிடைக்கும்? தங்கமா? வைரமா?

இல்லை. ஒரு ரப்பர் முத்திரை. ஒரு நோட்டுப் புத்தகம். அவ்வளவுதான்!

"அவர்களுக்கென்ன பைத்தியமா?" என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் கேட்டேன். பிறகு எனக்கும் அது பிடித்துக்கொண்டது. பிடித்த இடம் இங்கிலாந்து அல்ல. விருதுநகர் மாவட்டம், சாத்தூர் பக்கத்தில் இருக்கும் அச்சங்குளம். அங்கேதான் என் அக்காவை வாழ்க்கைப்பட்டுக் கொடுத்திருக்கிறோம்.

இந்தப் பொழுதுபோக்கு உங்கள் வீட்டுக்கும் வரவேண்டும் என்பது என் ஆசை. ஆனால் அங்கே உள்ளபடியே அதை இங்கே கொண்டுவரக்கூடாது. ஏன் என்பதை அக்கா எனக்குப் புரியவைத்தாள். அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் அது பிறந்த கதை.

பாட்டிலில் போட்ட பெயர்ச் சீட்டு

இங்கிலாந்தின் தென்மேற்கே டெவன் என்று ஒரு மாவட்டம். அதில் டார்ட்மூர் என்ற பெரிய மேட்டு வெளி இருக்கிறது. மரம் குறைவு. எங்கு பார்த்தாலும் புல், சேறு, கருங்கல் பாறை. திடீரென்று பனி மூட்டம் வந்து வழி மறைந்துவிடும். ஷெர்லக் ஹோம்ஸ் பேய் நாயைத் துரத்திய கதையைப் படித்தவர்களுக்கு இந்த இடம் ஞாபகம் இருக்கும். 1951-ல் இதைத் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள்.

இந்த வெளியின் வடபுறத்தில், எளிதில் போகமுடியாத ஓர் இடத்தில், கிரான்மியர் குளம் என்று ஒன்று உண்டு. குளம் என்று பெயர்தானே தவிர, தண்ணீர் நிற்கும் குளம் அல்ல. வெறும் சேற்றுப் பள்ளம்!

தண்ணீர் எங்கே போயிற்று? அதற்கு அந்த ஊர்க் கிழவிகள் ஒரு கதை சொல்வார்களாம். ஓக்ஹாம்ப்டன் என்ற ஊரின் பழைய மேயர் ஒருவர் செத்த பிறகு ஆவியாக அலைந்தார். "இந்தக் குளத்தைச் சல்லடையால் இறைத்துக் காலி செய். அதுவரை உனக்கு விடுதலை இல்லை" என்று அந்த ஆவிக்குத் தண்டனை கொடுத்தார்கள். சல்லடையில் தண்ணீர் நிற்குமா? ஆவி லேசுப்பட்டது அல்ல. செத்துக் கிடந்த ஆட்டின் தோலைச் சல்லடைக்குள் விரித்தது. மளமளவென்று இறைத்தது. குளம் காலி! கீழே ஊரில் வெள்ளம்!

கதை கிடக்கட்டும். நடந்த விஷயத்துக்கு வருவோம்.

சாக்ஃபோர்டு என்ற ஊரில் ஜேம்ஸ் பெரட் என்று ஒருவர் இருந்தார். டார்ட்மூரைப் பார்க்க வரும் துரைமார்களுக்கு வழிகாட்டுவது அவர் தொழில். 1854-ல் அவர் கிரான்மியர் குளத்தில் ஒரு கண்ணாடிப் பாட்டிலை வைத்தார். "இவ்வளவு தூரம் கஷ்டப்பட்டு வந்தவர்கள் தங்கள் பெயர்ச் சீட்டை இதில் போட்டுவிட்டுப் போகலாம்" என்றார்.

அவ்வளவுதான். துரைமார்களுக்குக் குஷி பிறந்துவிட்டது. "நானும் போய்ச் சீட்டுப் போட்டுவிட்டேன்" என்று சொல்லிக்கொள்வது பெருமையாகிவிட்டது.

பிறகு ஒரு வேடிக்கை செய்தார்கள். தன் விலாசத்தைத் தானே எழுதிய தபால் அட்டையைப் பெட்டிக்குள் வைத்துவிட்டுப் போவார் ஒருவர். அடுத்து வருகிறவர் அதை எடுத்துப்போய் ஊரில் தபாலில் சேர்ப்பார். வைத்தவருக்கு வீட்டில் அட்டை வந்து சேரும். யாரோ முகம் தெரியாத ஒருவர் நமக்காக அதைச் சுமந்து வந்திருக்கிறார்! இந்தப் பழக்கத்தால்தான் அந்தப் பெட்டிக்குத் தபால்பெட்டி என்று பெயர் வந்தது.

1905-ல் வருகைப் புத்தகம் வைத்தார்கள். 1937-ல் கல்லாலேயே ஒரு பெட்டி கட்டினார்கள். மறு வருடம் வேறோர் இடத்தில் இன்னொரு பெட்டி வந்தது. வெகு காலம் விரல்விட்டு எண்ணும்படிதான் பெட்டிகள் இருந்தன. 1970-க்குப் பிறகு ஆளாளுக்குப் பெட்டி வைக்கத் தொடங்கினார்கள். அவை ஆயிரக்கணக்கில் பெருகிவிட்டன. நூறு பெட்டிகளைக் கண்டுபிடித்தவர்களுக்கு என்று ஒரு தனிக் கூட்டமே உண்டு. அமெரிக்காவில் 1998-ல் ஒரு பத்திரிகைக் கட்டுரை வந்தது. அதைப் படித்துவிட்டு அங்கேயும் ஆரம்பித்துவிட்டார்கள்.

இரண்டு முத்திரை, இரண்டு நோட்டு

ஆட்டத்தின் முறை மிகச் சுலபம்.

தேடிப் போகிறவர் கையில் தமக்கென்று ஒரு முத்திரை இருக்கும். ஒரு மை அட்டை, ஒரு நோட்டு இருக்கும். ஒளிந்திருக்கும் பெட்டிக்குள்ளும் ஒரு முத்திரை, ஒரு நோட்டு இருக்கும். பெட்டியைக் கண்டுபிடித்ததும் அதிலுள்ள முத்திரையை எடுத்து உங்கள் நோட்டில் குத்திக்கொள்ள வேண்டும். உங்கள் முத்திரையைப் பெட்டியிலுள்ள நோட்டில் குத்தி, தேதி போட்டு, இரண்டு வரி எழுத வேண்டும். பிறகு பெட்டியை இருந்த இடத்தில் இருந்தபடியே வைத்துவிட்டு வரவேண்டும். எதையும் எடுத்துக்கொண்டு வரக்கூடாது.

பெட்டி எங்கே இருக்கிறது என்பதற்குத் துப்பு கொடுப்பார்கள். "அந்தப் பாறையிலிருந்து வடக்கே நாற்பது எட்டு வை. தனி மரத்தைப் பார்த்துத் திரும்பு" என்கிற மாதிரி. சிலர் விடுகதையாகவே எழுதிவிடுவார்கள்.

முத்திரையைக் கடையில் செய்து வாங்குவதைவிட, அழி ரப்பரில் தாமே செதுக்கிக்கொள்வதுதான் பலருக்குப் பிடித்தம். முத்திரை இல்லாதவர்கள் பெருவிரலை மையில் தொட்டு வைப்பதும் உண்டு. வெளிநாட்டிலும் கைநாட்டு இருக்கிறது!

செல்போனைப் பார்த்துக்கொண்டே டப்பாவைத் தேடும் இன்னொரு விளையாட்டும் இப்போது உலகமெங்கும் இருக்கிறது. 2000-ஆம் ஆண்டு மே மாதம் அமெரிக்காவில் தொடங்கியது. விண்கோள் வழி காட்டும். நாம் பின்னால் போக வேண்டும். அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் எனக்கு ருசிக்கவில்லை. போன் தேடுகிறது, நாம் நடக்கிறோம்! முத்திரை ஆட்டத்தில் நாமே தேட வேண்டும்.

நமக்கு எது குறைச்சல்?

முத்திரை சேகரிப்பது நமக்குப் புதிது என்று நினைக்காதீர்கள். நம்முடைய தபால் இலாகா பல சுற்றுலா ஊர்களில் படம் போட்ட முத்திரை வைத்திருக்கிறது. அந்த ஊர்த் தபாலாபீசுக்குப் போய்க் கேட்டால், தபால்தலை ஒட்டிய அட்டையில் குத்திக் கொடுப்பார்கள். இதற்காகவே ஊர் ஊராகப் போகிறவர்கள் உண்டு. ஜப்பானில் ரயில் நிலையங்களிலேயே பிரயாணிகளுக்கென்று அழகான படமுத்திரை வைத்திருக்கிறார்கள். அந்த வழக்கம் 1931-ல் தொடங்கியது. அங்கே குழந்தைகள் ஒவ்வொரு நிலையத்திலும் நோட்டைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள்.

எங்கள் பக்கத்துக்குப் பசங்களைக் கேட்டால் தீப்பெட்டி லேபிள் கதையைச் சொல்வார்கள். ப.அய்ய நாடாரும் அ.சண்முக நாடாரும் 1922-ல் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்தார்கள். மறு வருடம் சிவகாசியில் தொழில் தொடங்கியது. தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும். லேபிளுக்கு அச்சகம் வேண்டும். இப்படித்தான் சிவகாசி அச்சு நகரமாயிற்று. மானும் மயிலும் அணிலும் போட்ட லேபிள்களைப் பசங்கள் சோற்றுப் பசையால் நோட்டில் ஒட்டினார்கள். நானும் ஒட்டியிருக்கிறேன். ஒரு மயில் லேபிளுக்கு இரண்டு சாதா லேபிள் என்று பண்டமாற்றுச் செய்திருக்கிறேன். என் நோட்டைக் கறையான் தின்றுவிட்டது.

இந்த விளையாட்டுக்கு வேண்டியது என்ன? நோட்டு, மை, முத்திரை, டப்பா. நோட்டும் நாள்காட்டியும் சிவகாசியில் அச்சாகின்றன. சாத்தூர் ஒரு காலத்தில் பேனா நிப்புக்குப் பேர் போன ஊர். டப்பாவுக்கா பஞ்சம்? விடுகதைக்கா பஞ்சம்? நமக்கு எது குறைச்சல் என்று நினைத்துக்கொண்டுதான் பங்குனி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் பஸ் ஏறினேன்.

அக்கா போட்ட போடு

அக்கா வீட்டில் மருமகன் ஆறாவது படிக்கிறான். மருமகள் நாலாவது. அத்தானுக்குப் பட்டாசு ஆலையில் வேலை. வாரத்தில் ஞாயிறு ஒருநாள்தான் அவர் வீட்டில் இருப்பார்.

பையிலிருந்து இரண்டு பழைய டின்களையும் மை அட்டையையும் எடுத்து வைத்தேன். பிள்ளைகளுக்கு விஷயத்தைச் சொன்னேன். "கண்மாய்க் கரைக்குப் போவோம். ஒரு டின்னை வேலிக்கருவைக்குள் ஒளிப்போம். இன்னொன்றை மடைப் பக்கம் கல்லிடுக்கில் வைப்போம்" என்றேன். பிள்ளைகள் குதித்தார்கள்.

அடுப்படியிலிருந்து அக்கா வெளியே வந்தாள்.

"தம்பி, நீ படிச்சவன்தானே? கண்ட டப்பாவைத் தொடாதே, கீழே கிடக்கிற பொட்டலத்தை எடுக்காதேன்னு நாங்க இந்தப் பிள்ளைகளுக்குத் தினமும் சொல்லி வளர்க்கோம். நீ என்னடான்னா டப்பாவை ஒளிச்சு வச்சு, தேடி எடுத்துத் திறந்து பாருன்னு சொல்லிக் கொடுக்கிறியே!"

எனக்குச் சுரீர் என்றது.

அக்கா சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. இது மருந்து புழங்கும் பூமி. 2021-ஆம் ஆண்டு பிப்ரவரி 12-ந் தேதி இதே அச்சங்குளத்தில் ஒரு பட்டாசு ஆலை வெடித்தது. குறைந்தது இருபது உயிர்கள் போயின. அந்தச் சத்தத்தைக் கேட்டவள் என் அக்கா. ஆலையில் மட்டும்தான் ஆபத்து என்பதும் இல்லை. தீபாவளி முடிந்த மறுநாள் வெடிக்காத பட்டாசைப் பொறுக்கி, மருந்தைக் கொட்டி விளையாடி, கையையும் கண்ணையும் இழந்த பிள்ளைகள் தமிழ்நாடு முழுவதும் உண்டு. கழித்துப் போட்ட மருந்து எந்தப் புதரில் கிடக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

அப்படிப்பட்ட ஊரில், "மூடிய டின்னைக் கண்டால் ஆசையோடு திற" என்று பிள்ளையின் கைக்குப் பழக்கிவிட்டால் என்ன ஆகும்? இன்று மாமா வைத்த டின்னைத் திறப்பான். நாளை யார் போட்ட டின்னையோ திறப்பான்.

டார்ட்மூரிலும் இதே கவலை உண்டு என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த வெளியின் வடபகுதியில் ராணுவம் துப்பாக்கி சுட்டுப் பழகுகிறது. கிரான்மியர் குளமே அந்த எல்லைக்குள்தான் இருக்கிறது! சுடும் நாளில் மலை உச்சியில் சிவப்புக் கொடி ஏற்றுவார்கள். கொடி பறந்தால் யாரும் உள்ளே போகக்கூடாது. தரையில் இரும்புச் சாமான் எது கிடந்தாலும் தொடக்கூடாது என்று எச்சரிக்கிறார்கள். அப்படியிருந்தும் அங்கே பலர் தபால்பெட்டியாக வைப்பது எதைத் தெரியுமா? ராணுவம் கழித்துப் போட்ட தோட்டாப் பெட்டியை! இரும்பு கெட்டி, மழை இறங்காது என்பதற்காக. இது எனக்குச் சரியாகப் படவில்லை.

பாம்பு வேறு இருக்கிறது. அங்கே விரியன். இங்கே விரியன், கட்டுவிரியன், நல்ல பாம்பு எல்லாம் உண்டு. கல்லிடுக்கில் கைவிடும் விளையாட்டு கரிசல் காட்டுக்கு ஆகாது.

டின்களைப் பையில் போட்டுக் கட்டினேன். பிள்ளைகள் முகம் வாடிவிட்டது. மருமகள் அழத் தயாரானாள்.

அதுவரை பேசாமல் இருந்த அத்தான் சொன்னார்: "ஏன் மாப்பிள்ளை, டப்பாவைத்தான் ஒளிக்கணுமா? ஆளை ஒளிச்சா என்ன?"

ஆளை ஒளிப்பது எப்படி?

எனக்கு முதலில் விளங்கவில்லை. அத்தான் விளக்கினார். டப்பாவை ஊரில் யாராவது ஒருவரிடம் கொடுத்து வைப்பது. அந்த ஆள் யார் என்பதை விடுகதையில் மறைப்பது. தேடி வருகிறவன் விடுகதையை அவிழ்த்து, சரியான வீட்டுக்குப் போய், சரியான பதிலைச் சொன்னால் அவர் டப்பாவை எடுத்துத் தருவார். புதருக்குள் கைவிட வேண்டாம். தெரியாத டப்பாவைத் திறக்க வேண்டாம். தெரிந்த மனிதர் கையால் கொடுக்கும் டப்பா!

எவ்வளவு எளிய யோசனை! நான் பட்டம் வாங்கியவன். அத்தான் பத்தாவது. யோசனை அவருக்குத்தான் வந்தது.

பிறகு நினைத்துப் பார்த்தேன். டார்ட்மூரைச் சுற்றியுள்ள ஊர்ச் சாராயக் கடைகளிலும் முத்திரைகள் இருக்கின்றன. கேட்டால் கடைக்காரர் உள்ளேயிருந்து எடுத்துக் கொடுப்பார். ஆகையால் இது ஆட்டத்துக்குப் புறம்பானது என்று யாரும் சொல்ல முடியாது.

டின்னுக்குப் பதிலாக அக்கா இரண்டு கண்ணாடிப் புட்டி கொடுத்தாள். ஊறுகாய்ப் புட்டி. உள்ளே என்ன இருக்கிறது என்று வெளியிலிருந்தே பார்க்கலாம். அதுவும் அக்காவின் கட்டளை. "உள்ளே இருக்கிறது தெரியாத டப்பா எங்க வீட்டுல கிடையாது."

அடுத்து முத்திரை. மருமகன் அழி ரப்பரில் பனைமரம் செதுக்கினான். குத்திப் பார்த்தால் விளக்குமாறு மாதிரி இருந்தது. "பனைதான்" என்று சாதித்தான். மருமகள் தன் பெயரின் முதல் எழுத்தான 'க'வைச் செதுக்கினாள். குத்தியதும் 'க' இடவலம் மாறி விழுந்தது! "மாமா, எழுத்து திரும்பிக்கிச்சு!" என்று கத்தினாள். அச்சுக்கோத்த காலத்தில் ஈய எழுத்துக்களெல்லாம் திரும்பித்தான் இருந்தன, கண்ணாடியில் பார்ப்பது போலத்தான் செதுக்க வேண்டும் என்று சொன்னேன். கண்ணாடியைக் கொண்டுவந்து வைத்துக்கொண்டு மறுபடி செதுக்கினாள். சரியாக விழுந்தது. அந்தச் சந்தோஷத்தில் மூன்று பக்கம் குத்தித் தீர்த்துவிட்டாள்.

அக்கா செதுக்கவில்லை. வெண்டைக்காயைக் குறுக்கே நறுக்கினாள். மையில் தொட்டாள். தாளில் வைத்தாள். அழகான பூ! "இது என் முத்திரை" என்றாள். காய்ந்துவிடுமே என்றேன். "காய்ஞ்சா வேற காய்" என்றாள்.

இரும்புக் குதிரைக்காரர்

முதல் புட்டியை அத்தான் யாரிடமோ கொடுத்துவிட்டு வந்தார். என்னிடமும் சொல்லவில்லை. விடுகதையை மட்டும் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார்.

"இரும்புக் குதிரை. மிதித்தால் ஓடும். எவ்வளவு ஓடினாலும் இருந்த இடத்திலேயே இருக்கும். பிரிந்ததைச் சேர்க்கும். குதிரைக்காரரைப் போய்ப் பார்."

மருமகன் "சைக்கிள்!" என்றான். சைக்கிள் இருந்த இடத்திலா இருக்கும்? "ஆட்டுரல்!" என்றாள் மருமகள். அதை மிதிப்பார்களா? வெயிலில் இரண்டு தெரு சுற்றினோம். டீக்கடையில் ஒருவர், "என்ன சார், ஏதாவது கணக்கெடுப்பா?" என்றார். விஷயத்தைச் சொன்னோம். "வேலையத்த வேலை" என்று சிரித்தார். ஆனால் சீட்டை வாங்கிப் படித்தார். பக்கத்திலிருந்தவரும் எட்டிப் பார்த்தார். ஐந்து நிமிஷத்தில் கடையில் இருந்த அத்தனை பேரும் குதிரையைத் தேட ஆரம்பித்துவிட்டார்கள்!

கடைசியில் மருமகள்தான் கண்டுபிடித்தாள். பிரிந்ததைச் சேர்ப்பது தையல். இரும்புக் குதிரை தையல் மெஷின்! டெய்லர் கடைக்கு ஓடினோம். அவர் எங்களைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "எனக்கு ஒண்ணும் தெரியாதே" என்றார். "குதிரைக்காரர் நீங்கதான்!" என்று பிள்ளைகள் பிடித்துக்கொண்டார்கள். வெட்டுத் துணிக்கு அடியிலிருந்து புட்டியை எடுத்தார். அவர் முகத்தில் இருந்த சிரிப்பைப் பார்க்க வேண்டுமே! வேடிக்கை எங்களைவிட அவருக்குத்தான் அதிகம். புதருக்குள் கிடக்கும் டின் இப்படிச் சிரிக்குமா?

நோட்டில் பனை (அல்லது விளக்குமாறு) விழுந்தது. 'க' விழுந்தது. டெய்லரும் ஒரு பித்தானை மையில் தொட்டுக் குத்தினார். நாலு ஓட்டையோடு அழகாக விழுந்தது.

இரண்டாவது விடுகதையைப் பிள்ளைகள் ஒரு நொடியில் அவிழ்த்துவிட்டார்கள். "வெயிலில் படுக்கும். எண்ணெயில் எழும். பல்லில் பாடும்." வடகம்! வடகம் போட்டு விற்கும் பாட்டி மூன்றாவது தெருவில் இருக்கிறாள். வாசலில் பாய் விரித்து வடகம் காய்ந்துகொண்டிருந்தது. பாட்டி புட்டியை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். "ஏன் இவ்வளவு நேரம்?" என்று கோபித்துக்கொண்டாள்.

பாட்டியையும் முத்திரை வைக்கச் சொன்னோம். அவளிடம் முத்திரை ஏது? "பாட்டி, பெருவிரலை மையிலே வச்சு அமுக்குங்க, போதும். வெளிநாட்டிலேயும் அப்படித்தான்" என்றான் மருமகன். பாவம், அவன் அதை நல்லெண்ணத்தோடுதான் சொன்னான்.

பாட்டி அவனை ஒரு பார்வை பார்த்தாள்.

"கைநாட்டு வைக்கவா நான் அறிவொளியிலே ராத்திரி ராத்திரி உக்காந்து படிச்சேன்? பேனாவைக் குடு."

தொண்ணூறுகளில் தமிழ்நாடெங்கும் அறிவொளி இயக்கம் நடந்தபோது, பகலெல்லாம் வேலை பார்த்துவிட்டு இரவில் தெருவிளக்கடியில் எழுத்துக் கற்றுக்கொண்ட தாய்மார்களில் இந்தப் பாட்டியும் ஒருத்தி. கற்றுக்கொண்ட எழுத்தைப் பிறகு எங்கே எழுதினாள்? பாங்கியில் ஒரு கையெழுத்து, ரேஷன் கடையில் ஒரு கையெழுத்து. அங்கேயும் இப்போது விரலைத்தான் கேட்கிறார்கள்!

பாட்டி நோட்டை மடியில் வைத்துக்கொண்டாள். நாக்கைக் கடித்துக்கொண்டு, ஒவ்வோர் எழுத்தாக, தன் பெயரை எழுதினாள். ஊர்ப் பெயரை எழுதினாள். தேதியைக் கேட்டு எழுதினாள். கொஞ்சம் யோசித்துவிட்டு ஒரு வரி சேர்த்தாள்: "வெயில் ஜாஸ்தி".

அதை உரக்கப் படித்துக் காட்டினாள். பிறகு எங்களுக்கு ஒரு கை வடகம் அள்ளிக் கொடுத்தாள். காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டாள்.

செய்யலாமா, கூடாதா?

"பிள்ளைகள் படிப்புக் கெடும்" என்று சில பெற்றோர் சொல்லக்கூடும். கெடாது. அன்று என் மருமகன் விடுகதைச் சீட்டைப் பத்துத் தடவை படித்தான். பாடப் புத்தகத்தில் ஒரு பக்கத்தை அவன் பத்துத் தடவை படித்து அக்கா பார்த்ததில்லையாம். புதிதாக எழுதப் படிக்கக் கற்றுக்கொண்ட பெரியவர்களுக்கும் இது நல்ல காரியம். எழுத்து தெரிந்தால் போதாது. எழுதுவதற்கு ஒரு விஷயமும், அதைப் படிக்க ஓர் ஆளும் வேண்டும். இந்த நோட்டு இரண்டையும் தருகிறது.

ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான வீடுகளில் என்ன நடக்கிறது? கறி வாங்குகிறோம். சாப்பிடுகிறோம். தூங்குகிறோம். எழுந்து ஆளுக்கொரு மூலையில் போனைப் பார்க்கிறோம். அதற்கு இது மோசமா? எனக்கு ஆன செலவு நோட்டும் மை அட்டையும்தான். நூறு ரூபாய் முழுதாக ஆகவில்லை.

ஆனால் அக்கா போட்ட நிபந்தனையை மறக்காதீர்கள். பட்டாசுத் தொழில் உள்ள ஊர்களில் டப்பாவைத் தரையிலோ புதரிலோ பொந்திலோ வைக்கவே கூடாது. ஆள் கையில்தான் இருக்க வேண்டும். ஆலை, கிட்டங்கி, அவற்றின் வேலிப் பக்கம் விடுகதை போகவே கூடாது. வேறு ஊர்களிலும் பஸ் நிலையம், ரயில் நிலையம் போன்ற இடங்களில் கேட்பாரற்ற டப்பாவை வைத்தால் போலீஸ்காரர்கள் ஓடி வருவார்கள். அவர்கள் மேல் தப்பில்லை.

பழைய சின்னங்களையும் விட்டுவிடுங்கள். டார்ட்மூரில் ஆதிகால மனிதர்கள் நட்ட கல் வரிசைகள் உண்டு. அங்கே பெட்டி வைக்கக்கூடாது என்பது அவர்களே போட்டுக்கொண்ட கட்டுப்பாடு. நமக்குப் பக்கத்தில் வெம்பக்கோட்டையில், வைப்பாற்றின் கரை மேட்டில், 2022 முதல் அரசு அகழாய்வு நடத்தி, சங்கு வளையல்களும் மணிகளும் சுடுமண் பொருள்களும் எடுத்திருக்கிறது. அந்த மாதிரி மேடுகளில் விளையாட்டுக்குக்கூட ஒரு குழி தோண்டக்கூடாது. மேட்டைப் போய்ப் பாருங்கள். விடுகதையில் மேட்டைச் சொல்லுங்கள். டப்பா பக்கத்து ஊர் டீக்கடையில் இருக்கட்டும்.

டப்பா வைத்திருப்பவர் சம்மதம் முக்கியம். கடை நேரத்தில் தொந்தரவு செய்யக்கூடாது. பிள்ளைகளைத் தனியாக அனுப்பக்கூடாது. பெரியவர் ஒருவர் கூடப் போகவேண்டும். உண்மையில் பெரியவர்கள் வேண்டாமென்றாலும் வந்துவிடுவார்கள். அத்தானைப் பாருங்கள், இப்போது வேலைக்குப் போகும் பஸ்ஸிலும் விடுகதை யோசிக்கிறாராம்.

போன வாரம் அக்கா போன் செய்தாள். புட்டிகள் ஐந்து ஆகிவிட்டனவாம். "வேலையத்த வேலை" என்று சிரித்த டீக்கடை ஆசாமியிடம் ஒன்று இருக்கிறதாம். டெய்லரின் நோட்டில் பதினெட்டுப் பக்கம் நிரம்பிவிட்டது. பாட்டி அடிக்கடி நோட்டைத் திறந்து, யார் யார் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று வாசித்துப் பார்க்கிறாளாம். யாரோ ஒரு பையன் ஒற்றெழுத்தை விட்டுவிட்டான் என்று திருத்தியும் வைத்திருக்கிறாள்.

பிறகு மருமகன் போனை வாங்கினான். "மாமா, மை காஞ்சிருச்சு. வரும்போது நீல மை வாங்கிட்டு வாங்க. சிவப்பு வேண்டாம், அம்மாவோட வெண்டைக்காய்க்கு நீலம்தான் நல்லா இருக்கு" என்றான்.